செய்தியின் அரசியல் சாய்வை உலாவியிலேயே கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

செய்தித் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘இடது’, ‘வலது’, ‘நடு’ என்று ஒரு வண்ணப் பொட்டு வைத்துக் காட்டும் உலாவி நீட்சிகள் (உலாவியில் கூடுதலாக நிறுவும் சிறு நிரல்கள்) இப்போது நிறைய வந்துவிட்டன. நிறுவியவுடன் பெரிய தெளிவு கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பொட்டு நிறுவனத்தைப் பற்றியது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரு பக்கச் சார்புள்ளது என்று பெயரெடுத்த நாளிதழில் மிக நேர்மையான செய்தி வருவதுண்டு. நடுநிலை என்று பெயரெடுத்த நிறுவனம் தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடுவதும் உண்டு.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் கட்டுரையைப் பார்ப்போம். அடுத்து அது எப்படி மாறி வந்தது என்று பார்ப்போம். அதன் பிறகு அதே செய்தியை மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பார்ப்போம். வண்ணப் பொட்டுக்கு அதற்குப் பிறகுதான் இடம். இந்த வேலையில் முக்கால்வாசிக்குப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவியில் ஏற்கெனவே இருப்பதே போதும். தமிழில் படிப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புகழ்பெற்ற மதிப்பீட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கில ஊடகங்களுக்காக, அதிலும் அமெரிக்க அரசியலை அளவுகோலாக வைத்துச் செய்யப்பட்டவை.

தொடங்கும் முன்: எதைத் தேடுகிறோம்?

சாய்வு வேறு, பொய் வேறு. கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருந்தும் மொத்தக் கட்டுரையும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். எதைச் சொல்வது, எதை விடுவது, யாரை முதலில் பேசவிடுவது, அவர் பேச்சுக்கு எந்த வினைச்சொல்லைப் போடுவது, எந்தப் படத்தை மேலே வைப்பது: இந்த முடிவுகளில்தான் சாய்வு குடியிருக்கிறது. தகவல் சரியா தவறா என்று மட்டும் பார்க்கும் சரிபார்ப்புத் தளங்களால் இதற்கு விடை சொல்ல முடியாது.

அதேபோல, கையில் இருப்பது செய்தியா, கருத்துக் கட்டுரையா, தலையங்கமா, பணம் பெற்று வெளியிட்ட விளம்பரக் கட்டுரையா என்பதை முதலில் பாருங்கள். தலையங்கத்தில் சாய்வு இருப்பது குற்றமல்ல. அது அதற்காகவே எழுதப்படுவது. பக்கத்தின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும் பிரிவுப் பெயரையும் முகவரிப் பட்டையில் தெரியும் இணைப்பையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சமூக ஊடகத்தில் பகிரும்போது இந்த அடையாளம் உதிர்ந்துபோகிறது. கருத்துக் கட்டுரையைச் செய்தி என்று நினைத்துக் கோபப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்து வருகிறவர்கள்.

தனி சுயவிவரம், குறைந்த அனுமதி

நீட்சி எதையும் நிறுவுவதற்கு முன் உலாவியில் செய்தி படிப்பதற்கென்று தனி சுயவிவரம் (புரொஃபைல்) ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அந்தச் சுயவிவரத்துக்குள் வரவே கூடாது.

காரணம் இதுதான். பக்கத்தை மதிப்பிட வேண்டுமானால் நீட்சி அந்தப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். ஆகவே ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கும். நீங்கள் எந்த அரசியல் செய்தியை எப்போது படிக்கிறீர்கள் என்ற விவரம் சாதாரணமானதல்ல. உங்கள் நம்பிக்கைகளை உங்கள் குடும்பத்தாரைவிடத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிடும். குரோமில் நீட்சியின் அமைப்புகளுக்குள் சென்று, தள அணுகலைக் ‘கிளிக் செய்யும்போது மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு சொடுக்கு தேவைப்படும், அவ்வளவுதான்.

நீட்சிக் கடையில் ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ என்ற வரியையும் பாருங்கள். குரோம் தன் நீட்சி விதிமுறைகளை ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்ற பதிப்புக்கு மாற்றியபோது, பராமரிப்பில்லாத பழைய நீட்சிகள் பல செயலிழந்துவிட்டன. பழைய வலைப்பதிவுகள் பரிந்துரைக்கும் கருவி இன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள்.

படி 1: வெறும் எழுத்தாக்கிப் படியுங்கள்

செய்தித் தளத்தின் வண்ணம், ஓடிக்கொண்டிருக்கும் காணொளி, ‘இதையும் படியுங்கள்’ பெட்டிகள், கீழே கொதிக்கும் பின்னூட்டங்கள் எல்லாம் நீங்கள் முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே உங்கள் மனநிலையைத் தயார் செய்துவிடுகின்றன. அவற்றை நீக்குவதற்கு வாசிப்பு முறை இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் எஃப்9 விசையை அழுத்தினால் போதும். குரோமில் பக்கவாட்டுப் பலகையாகத் திறக்கும். சஃபாரியில் முகவரிப் பட்டையிலிருந்தே திறக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. திருத்தக் குறிப்பையும் ‘கருத்து’ என்ற அடையாளத்தையும் வாசிப்பு முறை சில சமயம் சேர்த்தே நீக்கிவிடும். படித்து முடித்ததும் பழைய தோற்றத்துக்குத் திரும்பி, பக்கத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருமுறை பாருங்கள்.

படி 2: கன்ட்ரோல் எஃப் என்ற எளிய ஆயுதம்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குள் சொல் தேடும் வசதி எல்லா உலாவியிலும் இருக்கிறது: விண்டோஸில் கன்ட்ரோல் எஃப், மேக் கணினியில் கமாண்ட் எஃப். ஃபயர்ஃபாக்ஸில் ‘அனைத்தையும் தனித்துக்காட்டு’ என்பதைத் தேர்ந்தால் அந்தச் சொல் வரும் எல்லா இடமும் ஒரே நேரத்தில் வண்ணத்தில் தெரியும்.

எதைத் தேடுவது என்பதற்கு ஒரு கற்பனைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் இருந்த வீடுகளை நகர நிர்வாகம் அகற்றியது. இரண்டு தளங்கள் இப்படி எழுதுகின்றன.

முதல் தளம்: “ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. நோட்டீஸ் கொடுத்தும் காலி செய்யாததால் நடவடிக்கை எடுக்கப்பட்டதாக அதிகாரி விளக்கினார். சிலர் வாக்குவாதத்தில் ஈடுபட்டதால் பரபரப்பு ஏற்பட்டது.”

இரண்டாம் தளம்: “தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை நிர்வாகம் இடித்துத் தள்ளியது. மாற்று இடம் கேட்டுக் கதறிய மக்களைப் போலீசார் விரட்டினர். நோட்டீஸ் கொடுத்துவிட்டதாக அதிகாரி சமாளித்தார்.”

நடந்தது ஒன்றே. இரண்டிலும் பொய் என்று விரல் வைத்துக் காட்ட இடமில்லாமல் இருக்கலாம். ஆனால் முதல் பத்தியில் வீடுகளை அகற்றியவர் யார் என்பதே இல்லை. அவை தாமாகவே ‘அகற்றப்பட்டன’. அங்கே வாழ்ந்தவர்கள் ‘சிலர்’ ஆகிவிட்டார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இல்லை. இரண்டாம் பத்தியில் செய்தவர் பளிச்சென்று தெரிகிறார். ஆனால் அதிகாரி ஒரு சொல் பேசுவதற்குள் அவரைப் பொய்யராக்கிவிட்டது ‘சமாளித்தார்’ என்ற வினை.

இப்போது தேடலுக்கு வருவோம்.

முதலில் ‘என்று’ எனத் தேடுங்கள். பிறகு ‘தாக’ எனத் தேடுங்கள். தமிழ்ச் செய்தியில் ஒருவர் பேச்சு பதிவாகும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் சிக்கிவிடும். ஒவ்வொரு இடத்திலும் பேசியவர் யார், அவர் பேச்சுக்குப் போட்ட வினை என்ன என்று தாளில் இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். கூறினார், தெரிவித்தார், விளக்கினார், வலியுறுத்தினார் என்பவை ஒரு பக்கத்தவருக்கே போய், மழுப்பினார், உளறினார், சமாளித்தார், ஒப்புக்கொண்டார் என்பவை இன்னொரு பக்கத்தவருக்கே வந்தால் அது தற்செயல் இல்லை. ‘ஒப்புக்கொண்டார்’ என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். எந்தத் தவறும் நிரூபிக்கப்படாத இடத்திலும் ஏதோ மறைத்து வைத்திருந்ததுபோல் அது காட்டிவிடும்.

அடுத்து ‘ப்பட்’, அதன் பிறகு ‘ப்படு’. பெரும்பாலான செயப்பாட்டு வினைகள் இதில் வந்துவிடும்: கொல்லப்பட்டனர், கைது செய்யப்பட்டார், கூறப்படுகிறது. ஒவ்வொன்றிலும் ‘யாரால்?’ என்று கேளுங்கள். செய்தவர் யார் என்று தெரியாத நிலையில் செயப்பாட்டு வினை நியாயமானதுதான். தெரிந்தும், ஒரு தரப்பு செய்யும்போது மட்டும் ‘சுட்டனர்’ என்றும் மறு தரப்பு செய்யும்போது ‘துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்’ என்றும் எழுதினால் அதுதான் சாய்வு. இந்தத் தேடலில் ‘அப்பட்டமான’ என்ற சொல்லும் சேர்ந்து வரும். அது செயப்பாட்டு வினை இல்லை; ஆனால் செய்தியில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாக, பெயரில்லாத சாட்சிகள். ‘தெரிகிறது’, ‘கூறப்படு’, ‘வட்டாரங்கள்’ ஆகியவற்றைத் தேடுங்கள். பெயர் சொல்லாத தகவல்கள் எல்லாம் ஒருவருக்கு எதிராகவே வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மரியாதை. தமிழ் இதில் எதையும் மறைக்க விடாது. ஒரு தலைவர் பதவிப் பெயரோடு ‘வந்தார், கேட்டுக்கொண்டார்’ என்றும் எதிர்த் தரப்பினர் வெறும் பெயரோடும் வந்தால் கண்ணுக்கே தெரியும். கைதானவரைக் குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே ‘தாக்கினான், ஓடினான்’ என்று எழுதுவதும் இந்த வகைதான்.

தேடும்போது முழுச் சொல்லைக் கொடுக்காதீர்கள். தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். ‘குற்றம்சாட்டினார்’, ‘குற்றஞ்சாட்டி’, ‘குற்றம் சாட்டியுள்ளனர்’ மூன்றையும் பிடிக்க வேண்டுமானால் ‘சாட்’ என்று புள்ளியெழுத்தில் நிறுத்துவதே நல்லது.

சொற்களை வைத்துச் சாய்வை அளக்கும் முறைக்கு ஆய்வுலகில் நல்ல வேர் இருக்கிறது. மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷபிரோ என்ற பொருளியல் அறிஞர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சியினர் எந்தத் தொடரை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்து, அந்தத் தொடர்கள் நாளிதழ்களில் எவ்வளவு வருகின்றன என்று ஒப்பிட்டார்கள். இறந்தவரின் சொத்து மீதான ஒரே வரியைக் குடியரசுக் கட்சியினர் ‘மரண வரி’ என்றும் ஜனநாயகக் கட்சியினர் ‘எஸ்டேட் வரி’ என்றும் அழைத்தது அதில் நன்கு அறியப்பட்ட உதாரணம். நீங்கள் பின்தொடரும் அரசியலிலும் இப்படிப்பட்ட இரட்டைப் பெயர்கள் இருக்கும். ஒரே திட்டத்தை, ஒரே சட்டத்தை, ஒரே பகுதியை இரு தரப்பும் எப்படி அழைக்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரித்துவைத்துக்கொண்டால், செய்தி யாருடைய வாயைக் கடன் வாங்கியிருக்கிறது என்பது உடனே தெரியும். கொடுத்த சொற்பட்டியலை எந்தப் பக்கத்திலும் வண்ணமிட்டுக் காட்டும் நீட்சிகள் இருக்கின்றன. பட்டியலை ஒருமுறை உள்ளிட்டுவிட்டால் தினமும் தேட வேண்டியதில்லை.

எண்ணுவதோடு நின்றுவிடவும் கூடாது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் வாக்கியம் கொடுத்தால் அது நடுநிலை என்று ஆகிவிடாது. ஒரு பக்கம் ஆவணம் இருக்கிறது, மறு பக்கம் வெறும் மறுப்பு இருக்கிறது என்றால், இரண்டையும் சமமாக வைப்பதே மறுப்பவருக்குச் செய்யும் உதவி. எதிர்த் தரப்பு எத்தனையாவது பத்தியில் முதன்முதலில் பேசுகிறது என்பது, மொத்தம் எத்தனை வாக்கியம் பேசுகிறது என்பதைவிட நல்ல அளவுகோல் என்பது என் கருத்து. பலர் நான்காவது பத்திக்கு மேல் படிப்பதில்லை என்பதை எழுதுகிறவர்கள் அறிவார்கள்.

படி 3: ஒரே செய்திக்கு எத்தனை தலைப்பு?

பக்கத்தில் நீங்கள் பார்க்கும் தலைப்பு ஒன்று. உலாவித் தாவலில் தெரியும் தலைப்பு இன்னொன்றாக இருக்கலாம். சமூக ஊடகத்தில் பகிரும்போது தோன்றும் தலைப்பு மூன்றாவதாக இருக்கலாம். இணைப்பு முகவரியிலேயே முதலில் வைத்த தலைப்பு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. உள்ளே நிதானமாகத் தலைப்பிட்டு, பகிரும் தலைப்பில் மட்டும் தீயை வைக்கும் பழக்கம் பல தளங்களுக்கு இருக்கிறது. படிக்கிறவர்களைவிடத் தலைப்பை மட்டும் பார்த்து நகர்கிறவர்களே அதிகம் என்பதால், சாய்வு அதிகமாக வேலை செய்வது அந்த மூன்றாவது தலைப்பில்தான்.

அதைப் பார்ப்பது எளிது. விண்டோஸில் கன்ட்ரோல் யூ அழுத்துங்கள். பக்கத்தின் மூலநிரல் புதிய தாவலில் திறக்கும். நிரலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் ஒரு வரிகூடப் புரிய வேண்டியதில்லை. அங்கே கன்ட்ரோல் எஃப் அழுத்தி, ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘ஓஜி’, உடனே முக்காற்புள்ளி, உடனே ‘டைட்டில்’ (og:title) என்று இடைவெளியில்லாமல் தட்டச்சு செய்யுங்கள். மேற்கோள் குறிகளுக்குள் பகிர்வுத் தலைப்பு இருக்கும். ‘டைட்டில்’ என்பதற்குப் பதில் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்று போட்டால் பகிரும்போது அதன் கீழே வரும் சுருக்கம் கிடைக்கும். இரண்டையும் கட்டுரையின் முதல் பத்தியோடு ஒப்பிடுங்கள்.

அதே பக்கத்தில் ‘டேட்பப்ளிஷ்டு’ (datePublished), ‘டேட்மாடிஃபைடு’ (dateModified) என்று ஆங்கிலத்தில் தேடினால், பெரும்பாலான செய்தித் தளங்களில் முதலில் வெளியிட்ட நேரமும் கடைசியாக மாற்றிய நேரமும் நொடி வரை இருக்கும். நேரத்தின் முடிவில் ‘இஸட்’ எழுத்து இருந்தால் அது உலகப் பொது நேரம்; உங்கள் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு நேரத்துக்கும் நடுவே பல மணி நேர இடைவெளி இருக்கிறது, பக்கத்திலோ திருத்தக் குறிப்பு எதுவும் இல்லை என்றால் அடுத்த படி அவசியம். மாற்றமே இல்லாமல் பக்கத்தைத் திரும்பப் பதிவேற்றினாலும் இந்த நேரம் மாறக்கூடும். எனவே இதை மட்டும் வைத்து யார் மீதும் குற்றம் சொல்லிவிடக் கூடாது.

படி 4: பழைய பிரதிகளைப் பாருங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 1996-இல் தொடங்கப்பட்டது. அதன் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதற்கென்று அதிகாரபூர்வ உலாவி நீட்சியும் இருக்கிறது. செய்திப் பக்கத்தில் நின்றபடி அதைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்தின் முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் திறக்கலாம். தளத்துக்குள் ‘சேஞ்சஸ்’ என்ற பகுதிக்குச் சென்று இரண்டு தேதிகளைத் தேர்ந்தால், நீக்கியதும் சேர்த்ததும் வெவ்வேறு வண்ணத்தில் அருகருகே தெரியும்.

செய்தி வளர வளர மாற்றங்கள் வருவது இயல்பு. முதலில் வந்த செய்தியில் இறந்தவர் எண்ணிக்கை மாறியதைச் சாய்வு என்று சொல்லக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு: ஒரு தரப்பின் மேற்கோள் சத்தமில்லாமல் காணாமற்போயிருக்கிறதா? ‘குற்றச்சாட்டு’ என்றிருந்தது ‘முறைகேடு’ ஆகியிருக்கிறதா, அல்லது ‘முறைகேடு’ ‘சர்ச்சை’ என்று இளகியிருக்கிறதா? இளகிய திசை எப்போதும் ஒரே கட்சிக்குச் சாதகமாக இருக்கிறதா?

சிறிய தளங்களின் பக்கங்களும் மாநில மொழித் தளங்களின் பக்கங்களும் காப்பகத்தில் இல்லாமல் போவதுண்டு. ஆகவே சந்தேகத்துக்குரிய செய்தியைப் பார்த்ததும் நீட்சியில் உள்ள ‘சேமி’ பொத்தானை அழுத்திவிடுங்கள். நாளை அது மாறினால் உங்களிடம் சான்று இருக்கும். உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் அது பயன்படும்.

படி 5: படம்

படத்தின் மீது வலது சொடுக்கு செய்து படத்தேடலுக்கு அனுப்புங்கள். குரோமில் கூகுள் லென்ஸ் உள்ளேயே இருக்கிறது. டின்ஐ என்ற படத்தேடல் தளத்தில் முடிவுகளை மிகப் பழையது முதல் வரிசைப்படுத்த முடியும் என்பதால், படம் இணையத்தில் முன்பே வந்த பழையதா என்று அறிய அது நல்லது. காணொளியாக இருந்தால் இன்விட்-வீவெரிஃபை நீட்சி அதை முக்கியச் சட்டகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தேடலுக்கு அனுப்ப உதவும். பழைய கலவரப் படத்தை இன்றைய பேரணிக்குப் போடுவதை இதில் பிடித்துவிடலாம். வாய் திறந்து கண் மூடிய நொடியில் எடுத்த படத்தையே ஒரு தலைவருக்கு எப்போதும் போடுவதைப் பிடிக்க, அந்தத் தளத்தின் பெயரோடு அந்தத் தலைவரின் பெயரைப் படத்தேடலில் கொடுத்து வரிசையாகப் பாருங்கள்.

படி 6: செய்தி முகமையின் மூலத்தோடு ஒப்பிடுங்கள்

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினம், ஏனென்றால் இல்லாத ஒன்றை கன்ட்ரோல் எஃப் காட்டாது. அதற்கு இன்னொரு பிரதி வேண்டும்.

ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி, பிடிஐ போன்ற முகமைகளிலிருந்து வந்த செய்தியை ஊடகங்கள் வெட்டியும் ஒட்டியும் வெளியிடுகின்றன. கட்டுரையின் மேலோ கீழோ முகமையின் பெயர் இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. அதிலுள்ள ஒரு மேற்கோளை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைத்துத் தேடுங்கள். அதே முகமைச் செய்தியை வெளியிட்ட பத்துத் தளங்கள் கிடைக்கும். தமிழாக்கமாக இருந்தால் பேசியவரின் பெயரையும் அவர் சொன்ன எண்ணையும் ஆங்கிலத்தில் தேடுங்கள். பெயரும் எண்ணும் மொழிபெயர்ப்பில் மாறுவதில்லை.

இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் படியுங்கள். மூலத்தில் பதினைந்து பத்தி, இங்கே ஆறு பத்தி என்றால் வெட்டப்பட்ட ஒன்பது எவை? இடப் பற்றாக்குறையால் வெட்டியிருந்தால் பின்னணி விவரங்கள் போயிருக்கும். ஒரு தரப்பின் மறுப்பு மட்டும் போயிருந்தால் அது வேறு கதை. மூலத்தில் இல்லாத எந்த அடைமொழி சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது; இங்கே செய்தி வேறொருவருடையது, கத்தரிக்கோல் மட்டும்தான் அவர்களுடையது.

உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியை ‘என்ன சொல்லியிருக்கிறது’ என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்பு இயந்திரம் மரியாதை விகுதியைத் தானாகவே கூட்டும், குறைக்கும். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கும். அந்தப் பிரதியில் படி 2-ஐச் செய்தால் இயந்திரத்தின் பழக்கத்தைத்தான் அளப்பீர்கள்.

படி 7: கட்சியை மாற்றிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கேள்வி எளியது: இதே காரியத்தை மறு தரப்பு செய்தபோது இதே தளம் எப்படி எழுதியது?

தேடுபொறியில் ஆங்கிலத்தில் ‘சைட்’, முக்காற்புள்ளி (site:), உடனே அந்தத் தளத்தின் முகவரி, பிறகு உங்கள் தேடுசொல் என்று கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். கூகுளில் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற சொற்களோடு முக்காற்புள்ளியும் ஆண்டு-மாதம்-நாள் வடிவில் தேதியும் சேர்த்தால் காலத்தையும் வரையறுக்கலாம். ஆட்சி மாறிய தேதிக்கு முன் ஒரு தேடல், பின் ஒரு தேடல். எரிபொருள் விலை உயர்வு, கைது, கட்சித் தாவல், பட்ஜெட், தேர்தல் வாக்குறுதி போன்றவை இதற்கு ஏற்றவை, ஏனென்றால் எல்லா ஆட்சியிலும் இவை நடக்கும்.

கிடைத்த தலைப்புகளை இரண்டு நெடுவரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு ஆட்சியில் ‘விலை உயர்வு: மக்கள் தவிப்பு’ என்றும் மறு ஆட்சியில் ‘சர்வதேசச் சந்தை எதிரொலி: விலையில் மாற்றம்’ என்றும் வந்திருந்தால் விளக்கம் தேவையில்லை. ஒரே ஒரு ஜோடியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வேறு வேறு விஷயங்களில் சில ஜோடிகளாவது வேண்டும். இரண்டு நிகழ்வுகளும் உண்மையிலேயே ஒத்தவைதானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: இப்போது மதிப்பீட்டு நீட்சிகள்

இதுவரை வந்த பிறகு பொட்டைப் பார்க்கலாம். ஒவ்வொரு கருவியும் எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஊடகங்களின் சாய்வை மதிப்பிடும் ஆல்சைட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2012-இல் தொடங்கியது. இடது, இடதுசாய்வு, நடு, வலதுசாய்வு, வலது என ஐந்து வகை. வெவ்வேறு அரசியல் பார்வை உள்ளவர்களிடம் நிறுவனப் பெயரை மறைத்துக் கருத்துக் கேட்பதும், பல தரப்பினர் அடங்கிய குழு ஆராய்வதும் அதன் முறைகள். அது சாய்வை மட்டும் அளக்கிறது, துல்லியத்தை அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் போன்ற நாளிதழ்களின் செய்திப் பக்கத்தையும் கருத்துப் பக்கத்தையும் தனித்தனியே மதிப்பிடுவது நல்ல பழக்கம்.

ஆட் ஃபான்டீஸ் மீடியா, வனெஸ்ஸா ஒடேரோ உருவாக்கிய ஊடகச் சாய்வு வரைபடத்துக்காக அறியப்பட்டது. கிடைமட்டத்தில் சாய்வு, செங்குத்தில் நம்பகத்தன்மை என்று இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. மீடியா பயஸ் ஃபேக்ட் செக் தளத்தை டேவ் வான் ஜான்ட் 2015-இல் தொடங்கினார். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பல நாட்டு ஊடகங்களும் அதில் உண்டு என்பது அதன் பலம். கிரவுண்ட் நியூஸ் இந்த மூன்றின் மதிப்பீடுகளையும் சராசரியாக்கி, ஒரு செய்தியை எந்தப் பக்க ஊடகங்கள் எவ்வளவு வெளியிட்டிருக்கின்றன என்று வண்ணப் பட்டையாகக் காட்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதி மறு பக்கம் கண்டுகொள்ளாத செய்திகளைத் தனியாகத் தொகுத்துத் தரும் அதன் ‘பிளைண்ட்ஸ்பாட்’ பகுதி உண்மையிலேயே பயனுள்ளது. எந்தச் செய்தி வரவே இல்லை என்பதைத் தனி ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

நியூஸ்கார்டு 2018-இல் ஸ்டீவன் பிரில், கார்டன் கிராவிட்ஸ் இருவரும் தொடங்கியது. ஒன்பது அளவுகோல்களை வைத்து நூற்றுக்கு மதிப்பெண் தரும். அது அளப்பது நம்பகத்தன்மையும் வெளிப்படைத்தன்மையும், சாய்வை அல்ல. இதைச் சாய்வுக் கருவி என்று எடுத்துக்கொண்டு சண்டையிடுகிறவர்கள் நிறைய.

பொட்டைப் பார்த்ததும் உங்கள் படி 2, 7 குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால், அந்தக் கட்டுரையைப் பொறுத்தவரை உங்கள் குறிப்புக்கே எடை அதிகம். அமெரிக்காவின் ‘இடது’, ‘வலது’ பிரிவுகளை வேறு நாட்டின் மொழி, இன, மத, வட்டார அரசியல் மீது ஒட்டினால் எதுவும் பொருந்தாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: உங்களையும் சோதியுங்கள்

1985-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலோன், ராஸ், லெப்பர் மூவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 1982-இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்பும் அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஊடகம் நம் தரப்புக்குப் பகையானது என்று காணும் இந்த இயல்பு பலருக்கும் உண்டு. அரசியலில் ஆழ்ந்த பற்று உள்ளவர்களுக்குக் கூடுதலாக உண்டு.

ஆகவே படி 2-ஐ உங்களை எரிச்சலூட்டிய கட்டுரைக்கு ஒருமுறை செய்தால், நீங்கள் ரசித்துப் பகிர்ந்த கட்டுரைக்கும் ஒருமுறை செய்யுங்கள். அதே சொற்பட்டியல், அதே எண்ணிக்கை, அதே தாள். நிறுவனப் பெயர் தெரியாமல் படிப்பது இன்னும் நல்லது: நண்பரிடம் சொல்லி, கட்டுரைகளை வாசிப்பு முறையில் திறந்து, தளத்தின் பெயரை நீக்கி அச்சுக் கோப்பாக (பிடிஎஃப்) அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பிட்ட பிறகு பெயரைக் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுப் பக்கப்பலகை

இப்போது பல உலாவிகளில் திறந்திருக்கும் பக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் வசதி வந்துவிட்டது. ‘இது சாய்வானதா?’ என்று கேட்காதீர்கள். நம்பிக்கையோடு ஒரு தீர்ப்பு வரும், அதற்கு அடிப்படை இருக்காது. இவற்றை இயக்கும் மொழி மாதிரிகளுக்கும் சாய்வு உண்டு. மாறாக எண்ணக்கூடிய வேலையைக் கொடுங்கள்: “இந்தக் கட்டுரையில் பேசும் ஒவ்வொருவரின் பெயர், அவர் பேச்சுக்குப் போட்ட வினைச்சொல், எத்தனையாவது பத்தி என்று அட்டவணையாகக் கொடு. கட்டுரையில் உள்ள சொற்களை மாற்றாமல் அப்படியே எடு.” வந்த அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் கன்ட்ரோல் எஃப் செய்து பாருங்கள். கட்டுரையில் இல்லாத மேற்கோளை அது உருவாக்கியிருந்தால் அந்த அட்டவணை முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்.

செல்பேசியில்

ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள் இயங்காது. ஃபயர்ஃபாக்ஸின் ஆண்ட்ராய்டு பதிப்பில் இயங்கும். 2023 டிசம்பர் முதல் அங்கே நீட்சிகளின் வரிசை வெகுவாக விரிந்திருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 15 முதல் சஃபாரிக்கு நீட்சிகள் உண்டு. பக்கத்துக்குள் தேடும் வசதி எல்லாவற்றிலும் மெனுவுக்குள் ‘பக்கத்தில் கண்டறி’ என்ற பெயரில் இருக்கிறது, ஆகவே படி 2-க்குத் தடையில்லை. செயலிகளுக்குள்ளேயே திறக்கும் செய்திப் பக்கத்தில் இவை பல கிடைக்காது. மேல் மூலைப் புள்ளிகளைத் தொட்டு ‘உலாவியில் திற’ என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு தொடங்குங்கள்.